ல-வின் மேல் ஒரு சொட்டு

ஊபியில், நான்காம் மாடி,
சரக்கு மின்தூக்கிக்குப் பக்கத்து அறை.
கீழே கார் சைலன்சர் பழுதுபார்க்கிறார்கள்,
மேலே நாங்கள் மெழுகு காய்ச்சுகிறோம்.
ஆறு மீட்டர் பருத்தித்துணி
சட்டத்தில் விறைத்து நிற்கிறது.

பாத்திக் வேலை சுலஸ்திரியுடையது.
எழுத்து என்னுடையது.
சாயம் பூன் ஹாவ் கலக்குவது.
நாங்கள் இருவரும் கேட்கும் நீலம்
ஒரே நீலம் இல்லை என்று
தினமும் சொல்வான்.

மானியப் படிவத்தில் ஒரு கட்டம்:
ஒவ்வொருவரின் பங்களிப்பு, விழுக்காட்டில்.
மூன்று பேர், நூறு. வகுபடாது.
மிச்சமுள்ள அந்த ஒன்று யாருக்கு என்று
ஒரு மத்தியானம் முழுக்கச் சிரித்தோம்.
பிறகு சிரிக்கவில்லை.

துணியின் நடுவில் நான் கேட்டது ஒரே சொல்.
கல.
இரண்டே எழுத்து, ஆள் உயரம்.
வாசலிலேயே தயங்கி நிற்பவனின் முதுகில்
லேசாகக் கைவைத்துச் சொல்வதுபோல.

சாந்திங்கின் செப்பு மூக்கிலிருந்து
மெழுகு மூச்சடக்கி ஓடியது.
ல-வின் வளைவை முடித்து
சுலஸ்திரி கையை எடுக்கையில்
ஒரு சொட்டு.
சரியாக ல-வின் தலையில்.

சூடான கரண்டி வைத்து எடுத்துவிடலாம்,
கொஞ்சம் நிழல் நிற்கும், பொலே? என்றாள்.

அவளுக்கு அது சொட்டு.
எனக்குப் புள்ளி.
உயிர் போய் மெய் கிடக்கிறது.

'என்ன ஆயிற்று இப்போது?'
'கல்லாகிவிட்டது.'
'அவ்வளவுதானா?'
'கற்றுக்கொள் என்றும் சொல்லலாம்.'
அவள் புள்ளியை விரலால் மறைத்து
வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.
'கல. எங்களிடமும் இருக்கிறது.
காலம்.
தேளுக்கும் அதே பேர்.'
பூன் ஹாவ் தள்ளி நின்று பார்த்துவிட்டு
வாலை மடித்த பூனை என்றான்.

மறுநாள் காலை வந்தபோது
எழுத்தைச் சுற்றி, மேலே, கீழே, இடுக்கில்
ஆயிரம் புள்ளி.
ராத்திரி முழுக்க வைத்திருக்கிறாள்,
வெற்றிடத்தை நிரப்பும் புள்ளி
அவள் கைக்குப் பழகிய வழக்கம்.
என்னைக் கேட்கவில்லை.
எது பிழை, எது இலக்கணம், எது அலங்காரம்,
இனி எவராலும் சொல்ல முடியாது.

இரண்டு நாள் நான் பேசவில்லை.
மூன்றாம் நாள், சிலிக்கேட் பூசிய துணி
மழை ஈரத்தில் காயாமல் சதி செய்தது.
ஆளுக்கொரு விசிறியைத் தூக்கிக்கொண்டு நின்றோம்.
விசிறி இரைச்சலில் ஒன்று நினைவுக்கு வந்தது:
ஓலையில் எழுதியவர்கள் புள்ளி குத்த மாட்டார்கள்,
ஓலை கிழியும்.
படிக்கிறவரே வைத்துக்கொள்ள வேண்டும்.
அதை அவளிடம் சொல்லியிருக்கலாம்.
விசிறியின் வேகத்தைக் கூட்டினேன்.

கொதிநீரில் மெழுகு கழன்று
தோல்போல மிதந்தது.
நீலம் தொடாத இடமெல்லாம்
கண் கூசும் வெள்ளை.

மாட்ட வந்த இருவரும் நம்மாட்கள்,
மாரிச்சாமி, எட்வின்.
ஏணியின் இரண்டு பக்கமும் ஏறி,
ரசமட்டம் வைத்து, துணியை இழுத்துக் கட்டுகையில்
மாரிச்சாமி உரக்கப் படித்தார்:
'கல்.'
'எங்க இருக்கு கல்லு? கலன்னுல்ல போட்டிருக்கு.'
'மேல புள்ளி தெரியல?'
'புள்ளிதான் எல்லா எடத்துலயும் இருக்கே.'
'நீ அந்தப் பக்கத்தைத் தூக்கு மொதல்ல.'

சுலஸ்திரி என் முழங்கையைத் தொட்டாள்.
என்ன சண்டை, கோணலாக மாட்டிவிட்டார்களா?

இல்லை, என்றேன்.
படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

படிவத்தில் அந்தக் கட்டம்
இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.
வெள்ளிக்கிழமை கடைசி நாள்.